இரவு விளக்குக்கு எண்ணெய்

கற்றலிலும் கவனத்திலும் இடர்ப்படும் பிள்ளைகளின் பெற்றோருக்கு யார் துணை?
(திருமுக்கூடலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் கம்பனைப் பேசுவார்கள், இல்லையென்றால் கோயிலைப் பேசுவார்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை நான். இரண்டிலும் எனக்குப் புலமை கிடையாது. "பெற்றோருக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுங்க டீச்சர்" என்று அழைத்தவர்கள் சொன்னார்கள். அப்படிச் சொன்னதும் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அன்று அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பல ஆண்டுகள் தாமதமாக இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

கேள்வி என்னவென்று பிறகு சொல்கிறேன். முதலில் இந்த ஊர்க் கல்வெட்டைப் பார்த்துவிடுவோம்.

கல்லில் எழுதிய செலவுக் கணக்கு

அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தது. மன்னன் புகழில்தான் தொடங்குகிறது. ஆனால் உள்ளே போனால், பொறுப்பான ஒரு குடும்பத்தலைவி எழுதி வைத்த வீட்டுக் கணக்குப் போல இருக்கும். சனநாத மண்டபத்தில் வேதமும் இலக்கணமும் படிக்கும் மாணவர்கள், அவர்களுக்கு ஆசிரியர்கள், தங்கிப் படிக்க விடுதி, வேளைச் சோறு, படுக்கப் பாய், சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய் என்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார்கள்.

அதே கோயிலைச் சார்ந்து 'வீரசோழன்' என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலையும், அதாவது மருத்துவமனையும், இருந்தது. 15 படுக்கைகள். மருத்துவரின் பெயர் கோதண்டராமன் அசுவத்தாமப் பட்டன். அவரைத் தவிர அறுவை செய்ய ஒருவர், மூலிகை பறித்துவர இருவர், மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர். இவர்களுக்கு இன்னின்ன அளவு நெல். இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் ஏறத்தாழ இருபது, பெயர் பெயராக. ஆதுலர் சாலையில் இரவெல்லாம் எரிகிற விளக்குக்கு எண்ணெய்கூடக் கணக்கில் இருக்கிறது.

பழம்பெருமை பேச இதை எடுக்கவில்லை. அந்தக் கல்விச்சாலைக்குள் நெசவாளி மகனோ உழவர் மகளோ போயிருக்க முடியாது. என் மனத்தில் தங்கியவை இரண்டு செய்திகள். படிக்கிற இடமும் உடம்பைப் பார்த்துக்கொள்கிற இடமும் ஒரே நிர்வாகத்தில், ஒரே கணக்கில் இருந்தன. அடுத்தது, துணையாக இருப்பதை அங்கே ஒரு வேலையாக மதித்து, அதற்கு நெல் அளந்தார்கள். யாருடைய நல்ல மனத்தையும் நம்பி விட்டுவிடவில்லை.

இப்போது இந்த ஊரில் எழுத்துக்கூட்ட முடியாமல் தவிக்கும் ஒரு பிள்ளையின் வீட்டை நினைத்துப் பாருங்கள். சீட்டு வாங்க வரிசையில் நிற்பது யார்? எங்கே என்ன கிடைக்கும் என்று விசாரித்து அலைவது யார்? பள்ளிக்கூடத்தில் போய்த் தலைகுனிந்து நிற்பது யார்? இரவு பத்து மணிக்கு அழுகிற பிள்ளையோடு வீட்டுப்பாடத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பது யார்? சோழர் காலத்தில் பல பேருக்குப் பிரித்துக் கொடுத்த வேலை முழுவதையும் இன்று ஒரே ஒருத்தி செய்கிறாள். அவளுக்கு நெல் அளப்பார் யாருமில்லை.

இரண்டு அட்டைகள், ஒரே சொல்

காஞ்சிபுரத்தை ஒட்டிய நெசவாளர் குடியிருப்பு ஒன்றில் நான் ஆசிரியையாக இருந்தபோது ஒரு பையன் என்னிடம் படித்தான். வாயால் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வான். தறியில் பாவு எப்படி ஏற்றுவது என்று எனக்கே பாடம் நடத்துவான். எழுதச் சொன்னால் பாதி வரியில் நின்றுவிடுவான். ஐந்து நிமிடத்தில் எழுந்து வாசல் பக்கம் போய்விடுவான். தேர்ச்சி அட்டையில் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டல்லவா? அதில் ஒவ்வொரு பருவமும் "கவனம் போதாது" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். இன்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கூச்சமும் வருகிறது. அவன் சிக்கலின் பெயரைத்தான் நான் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு, அதைக் குற்றப்பத்திரிகை என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் அம்மா வீட்டில் ராட்டையில் தார் சுற்றுபவர். ஒருநாள் பள்ளி விட்ட பிறகு வந்தார். திட்டுவேன் என்று எதிர்பார்த்தே வந்திருந்தார். நானும் ஏமாற்றவில்லை. எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றவர், கிளம்பும்போது திரும்பிக் கேட்டார்: "டீச்சர், இவன மாதிரி இன்னொரு புள்ள எங்கியாவது கீதா?"

மருந்து உண்டா என்று கேட்கவில்லை. தேறுவானா என்றும் கேட்கவில்லை. இன்னொரு பிள்ளை இருக்கிறதா என்றுதான் கேட்டார். "எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

அது பொய் என்பது எனக்கே பின்னால்தான் உறைத்தது. அதே வகுப்பில், அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, சன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் இருந்தாள். யாருக்கும் தொந்தரவு தராதவள். அவளுடைய அட்டையிலும் என் கையெழுத்தில் "கவனம் போதாது" என்றுதான் இருந்தது. இரண்டு அட்டைகளும் என் மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அந்த இரண்டு அம்மாக்களையும் அறிமுகம் செய்துவைக்க எனக்குத் தோன்றவில்லை.

இந்த உரையே அந்தத் தவறைத் திருத்துகிற முயற்சிதான்.

பெயர் தெரிந்தால் பாதி பாரம் இறங்கும்

பிள்ளைக்கு என்ன என்று தெரியாமலிருப்பதுதான் பெற்றோரை முதலில் வாட்டுகிறது. எனவே கொஞ்சம் விளக்கம்.

1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில மருத்துவர் பெர்சி என்ற பதினான்கு வயதுப் பையனைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். நல்ல அறிவாளி, விளையாட்டில் சூட்டிகை, ஆனால் எழுத்து மட்டும் வரவில்லை. வாய்மொழியாகவே பாடம் நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவன் ஆசிரியர் கருதியதாகவும் அதில் ஒரு குறிப்பு உண்டு. இதை இன்று டிஸ்லெக்சியா என்கிறோம். வாசிப்பில் வந்தால் டிஸ்லெக்சியா, எழுதுவதில் வந்தால் டிஸ்கிராபியா, கணக்கில் வந்தால் டிஸ்கால்குலியா. மூன்றையும் சேர்த்துக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்று சட்டம் சொல்கிறது. உலகெங்கும், எந்த மொழியானாலும், பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்கு இது ஏதோ ஓர் அளவில் இருப்பதாகக் கணக்கு. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாடு நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேருக்கு. நாற்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். என் மேசையில் கிடந்த அட்டைகள் எத்தனை? இரண்டு.

தமிழில் இது எப்படித் தெரியும்? நம் எழுத்து 247. ஆனால் இடர் எண்ணிக்கையில் இல்லை. 'கெ' என்று சொல்லும்போது 'க்' முதலில் ஒலிக்கிறது. எழுதும்போது கொம்பு முந்திக்கொள்கிறது. 'கொ' என்றால் குறிகள் எழுத்தின் இருபுறமும் நிற்கின்றன. 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ஒரே 'க', ஒலியோ மூன்று. ண, ன, ந. ல, ள, ழ. ர, ற என்று அண்ணன் தம்பிகள் வேறு. வீட்டில் 'வாயப்பயம்' என்று சொல்லிப் பழகிய பிள்ளை, புத்தகத்தில் 'வாழைப்பழம்' என்று வாசிக்க வேண்டும். நெசவாளர் வீடுகள் பலவற்றில் பேச்சு தெலுங்கு அல்லது சௌராட்டிரம். போதாததற்கு ஆங்கில வழிப் பள்ளி. எல்லாப் பிள்ளைகளும் இந்தப் பள்ளம் மேடுகளில் தடுக்கி விழுந்துதான் எழுகிறார்கள். நல்ல பயிற்சி கொடுத்த பிறகும், மூன்றாம் வகுப்பு தாண்டிய பிறகும், ஒரு பிள்ளை எழுத்தெழுத்தாகவே தடவிக்கொண்டிருந்தால், கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது வரி வரியாக விட்டுவிட்டால், வாயால் சொன்னதைத் தாளில் கொண்டுவர முடியாமல் போனால், அப்போது சோதிக்க வேண்டும். அதையும் பிள்ளைக்குப் பழகிய மொழியில் சோதிக்க வேண்டும்.

ஏ.டி.எச்.டி. என்றால் ஓட்டம், குதியல், வால்தனம் என்று நினைக்கிறோம். சன்னலோரம் அமைதியாக உட்கார்ந்து கனவு காண்பதும் அதன் ஒரு முகம்தான். பெண் பிள்ளைகளிடம் பெரும்பாலும் இந்த முகமே தெரிவதால், அவர்கள் கண்ணில் படாமலே போகிறார்கள். பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறி தெரிந்திருக்க வேண்டும். பள்ளி, வீடு என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். ஓர் ஆசிரியரோடு மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அது ஏ.டி.எச்.டி. ஆகாது.

தாய்மார்கள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிரகணத்தில் வெளியே போனதால் இது வரவில்லை. கண்ணேறு பட்டதால் வரவில்லை. நீங்கள் வேலைக்குப் போனதாலும் வரவில்லை. செல்போன் கவனத்தைச் சிதறடிக்கும், உண்மை. ஆனால் இந்த இடர்ப்பாட்டைப் பெற்றெடுத்தது செல்போன் அல்ல. பெரும்பாலும் பிறப்போடு வருவது. குடும்பத்தில் தொடர்வதும் உண்டு. இதையெல்லாம் நான் சொல்லி முடிக்கும்போது, அதுவரை சுவரைப் பார்த்து நின்ற எத்தனையோ அப்பாக்கள் மெதுவாக, "நானும் இப்படித்தான் இருந்தேன் டீச்சர்" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் பிள்ளைக்கு விழும் அடி குறைந்துவிடும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இப்படிப்பட்ட தாயைக் கண்டால் உடனே ஐன்ஸ்டீன் கதையைச் சொல்லாதீர்கள். 2007இல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்தில் எழுத்து வராத சிறுவன் ஓவியத்தில் வென்றான். நம் பிள்ளை எதிலும் முதலாவதாக வராமலும் போகலாம். மேதையானால்தான் மதிப்பு என்று சொன்னால், அது அந்தத் தாயின் தலையில் இன்னொரு பாரம்.

தறியில் எதிர்ப்பக்கம்

நம் பகுதியில் இந்தச் சிக்கல் ஏன் இத்தனை காலம் கண்ணில் படவில்லை? காரணம் தறி.

காஞ்சிப் பட்டின் தனிப்பெருமை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். தனித்தனி நாடாவால் நெய்து, இரண்டும் சேரும் இடத்தில் கோத்துக்கொண்டு போவார்கள். அதற்கு நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். நெடுங்காலம் அந்தக் கை சிறுபிள்ளையின் கை. "படிப்பு ஏறல டீச்சர், தறிலயாவது குந்த வைக்கிறோம்" என்பது இங்கே பழகிப்போன வாக்கியம். முன்பணம் வாங்கிப் பிள்ளையைப் பிறர் தறிக்கு அனுப்பிய குடும்பங்களும் உண்டு. 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது.

அப்படித் தறிக்குப் போன எல்லாருக்கும் கற்றல் குறைபாடு இருந்தது என்று சொல்ல வரவில்லை. வறுமைதான் முதல் காரணம். ஆனால் நான்கு பிள்ளைகளில் யாரை நிறுத்துவது என்ற கேள்வி வந்தபோது, எழுத்து ஏறாத பிள்ளையின் பெயர்தான் முதலில் வந்தது. பள்ளியிலிருந்து அவன் மறைந்ததும் அவனுடைய சிக்கலும் மறைந்தது. என் மாணவனும் எட்டாம் வகுப்போடு போய்க் கோர்வைத் தறியில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தான்.

பிறகு காலம் மாறியது. 2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகள் பள்ளியில் நிலைத்தார்கள். அது பெரிய வெற்றி. ஆனால் எட்டாம் வகுப்பு வரை வாசிக்க வராமலே வந்துசேரும் பிள்ளையை ஒன்பதில் கண்டு ஆசிரியர் திகைக்கிறார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போது பெற்றோர் திகைக்கிறார்கள். முன்பு தறி மறைத்து வைத்ததை இப்போது பள்ளி வெளியே காட்டுகிறது. காட்டிவிட்டு, அடுத்தது என்ன என்று சொல்வதற்குள் மணி அடித்துவிடுகிறது.

காகிதத்தின் வழி

அடுத்தது என்ன? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளைப் பட்டியலிடுகிறது. அதில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. பிள்ளைகளிடம் அதைக் கூடிய விரைவில் கண்டறிந்து தக்க முறையில் கற்பிப்பது பள்ளியின் கடமை என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதும் துணையாள், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றை 17ஆம் பிரிவு பேசுகிறது. எனவே பொதுத்தேர்வுச் சலுகை கேட்டு நிற்கும்போது கெஞ்சாதீர்கள். சட்டம் தந்ததைத்தான் கேட்கிறீர்கள்.

அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதலின்படி எட்டு வயதுக்குப் பிறகுதான் சான்றிதழ். பதினான்கில் மறுபடியும் பார்க்க வேண்டும், பதினெட்டில் ஒருமுறை. பதினெட்டில் தருவது வாழ்நாள் முழுதும் செல்லும். சோதனைக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் வடிவமைத்த வினாத்தொகுப்பைப் பயன்படுத்துகிறார்கள். சான்றிதழ் கிடைக்க எட்டு வயதாக வேண்டும் என்பதற்காக, உதவியையும் எட்டு வயது வரை தள்ளிப்போடாதீர்கள். பயிற்சிக்குச் சான்றிதழ் தேவையில்லை.

ஏ.டி.எச்.டி. அந்த 21இல் தனியாக இல்லை. கற்றல் குறைபாடும் சேர்ந்திருந்தால் அந்த வாசல் வழியாகப் போகலாம். கவனச் சிக்கல் மட்டும் உள்ள பிள்ளையின் தாய் வாசலிலேயே நிற்கிறாள். இது சட்டத்தின் ஓட்டை. பெற்றோர் சேர்ந்து குரல் கொடுத்தால்தான் அடைபடும்.

எங்கே போவது? முதலில் தலைமையாசிரியர் வழியாக வட்டார வள மையம். அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். மருத்துவ மதிப்பீட்டு முகாமும் நடக்கும். பள்ளிகளுக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு, 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் பகுதி. கற்றல் இடர்ப்பாடும் ஏ.டி.எச்.டி.யும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் இருக்கின்றன. அவர்கள் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் பல்வகை இயலாமை உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. சான்றிதழோடு தனித்துவ அடையாள அட்டைக்கும் பதிவு செய்யுங்கள். பள்ளி தொடர்பான ஐயங்களுக்கு 14417. உங்கள் மனமே தளர்ந்துபோனால் 14416; அது பிள்ளைக்கு மட்டுமான எண் அல்ல, தாய்க்கும் உரியது.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? நடந்து பாருங்கள். பள்ளிக் கல்வி ஒரு துறை, மருத்துவம் ஒரு துறை, மாற்றுத்திறனாளிகள் நலம் ஒரு துறை. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுவதால் இது முக்கூடல். ஆனால் ஆண்டில் பெரும்பகுதி இங்கே கூடுவது மணல்தான். தண்ணீர் கூடுவது வெள்ளக் காலத்தில். துறைகள் கூடுவதும் அப்படியே, முகாம் நடக்கும் ஒரு நாளில். மற்ற நாளெல்லாம் மணலில் கோப்பைத் தூக்கிக்கொண்டு நடப்பது அம்மா.

இதை அரசும் உணர்ந்திருக்கிறது. தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில், பல சேவைகளை ஓரிடத்தில் தரும் மையங்களைத் தொடங்கி, 'விழுதுகள்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஆலமரத்தை நினைத்து வைத்த பெயராக இருக்கும். நெசவாளிக்கு விழுது என்றால் வேறு: பாவிழைகள் புகுந்து வரும் கண்ணி. ஓர் இழை விழுதில் புகாமல் விட்டுப்போனால் சேலையில் கோடு விழும். எல்லா இழையும் புகுமா என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது.

கூடியவர்கள் பெற்றோர்

"கற்றல் குறைபாடு" என்ற சொல் எங்கிருந்து பரவியது தெரியுமா? 1963 ஏப்ரலில் சிகாகோ நகரில் ஒரு கூட்டம். கூட்டியவர்கள் பெற்றோர். ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு பெயர் சொல்லி அனுப்பியதால் தவித்துப்போனவர்கள். அங்கே பேசிய கல்வியாளர் சாமுவேல் கிர்க் இந்தப் பெயரை முன்வைத்தார். பெற்றோர் அதைப் பிடித்துக்கொண்டு சங்கம் அமைத்தார்கள். அந்தப் பெயர் பின்னர் அந்நாட்டுச் சட்டத்தில் ஏறியது.

சென்னையில் பூனம் நடராஜன் 1985இல் தொடங்கியது இன்றைய வித்யாசாகர். மூளை முடக்குவாதத்தோடு பிறந்த மகனின் தாய் அவர். 1990களின் தொடக்கத்தில் ஒரு சிறு பெற்றோர் குழுவிலிருந்து மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் முளைத்தது. இன்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி தருகிறது. இவை எல்லாவற்றிலும் முதல் நாள் நடந்தது ஒன்றே: ஒரு தாய் இன்னொரு தாயைப் பார்த்தாள்.

மருத்துவமும் இங்கேதான் வந்து நிற்கிறது. ஏ.டி.எச்.டி.க்கு மாத்திரைகள் உண்டு, வளர்ந்த பிள்ளைகளுக்கு மருத்துவர் மேற்பார்வையில் நன்றாக உதவுகின்றன, பயப்பட வேண்டாம். ஆனால் ஆறு வயதுக்குக் கீழே முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, பெற்றோருக்கான பயிற்சி என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரே நேரத்தில் ஒரே வேலை சொல்வது, செய்தவுடன் பாராட்டுவது, நீண்ட பாடத்தைத் துண்டு துண்டாக்குவது, தினமும் ஒரே நேர ஒழுங்கு. புத்தகத்தில் படித்தால் எளிது. மாமியார் முன்னிலையில், கூலி குறைந்த வாரத்தில், மூன்று பிள்ளைகளோடு செய்து பார்த்தால்தான் தெரியும். அதைச் செய்து பார்த்த இன்னொரு தாய் சொன்னால்தான் மனத்தில் இறங்கும்.

நாங்கள் ஆசிரியர்கள் வழி சொல்வோம். வழித்துணை வேறு. அது ஏற்கெனவே நடந்து களைத்தவர்களால்தான் முடியும்.

சனிக்கிழமை

இனி என் கோரிக்கை. கல்வெட்டில் சனிக்கிழமைக்கு எண்ணெய் ஒதுக்கினார்கள். நாமும் சனிக்கிழமையையே எடுத்துக்கொள்வோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், பள்ளியில் ஓர் அறை. சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதி பெண்கள். அவர்கள் நினைத்தால் அறை கிடைக்கும்.

முதல் ஒரு மணி நேரம் நிபுணர் யாரும் பேச வேண்டாம், என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியையும் சேர்த்துத்தான். அம்மாக்கள் பேசட்டும். ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும்: எந்த அலுவலகத்தில் எந்தக் கிழமை போனால் வேலை நடக்கும், எந்தப் பேருந்து, எத்தனை நகல், என்ன புகைப்படம். முதலில் போய் மூன்று முறை திரும்பி வந்தவர் எழுதி வைத்தால், அடுத்தவர் ஒரே முறையில் முடிப்பார். மருத்துவமனைக்கு யாரும் தனியாகப் போக வேண்டாம். முன்பே போன ஒருவர் உடன் போகட்டும். அப்பாக்கள் ஆண்டுக்கு இரண்டு முறையாவது வந்து உட்காரட்டும். பேசியது அறைக்கு வெளியே போகக் கூடாது. பெண் பிள்ளை வைத்திருக்கும் தாய் வராமல் போவது அந்தப் பயத்தால்தான்.

ஆசிரியருக்கும் ஒரு வேலை. ஒரு பிள்ளையைப் பற்றி ஐயம் வந்தால், அந்தத் தாயின் சம்மதம் கேட்டு, அதே வழியில் முன்னே நடந்த இன்னொரு தாயிடம் அழைத்துப் போங்கள். அதற்குப் பட்டமும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.

கடைசியாக, அறக்கட்டளைப் பெரியோர்களுக்கு. உடன் போகும் தாய்க்கு அன்றைய தார்க்கூலி போகும். கல்குவாரியிலோ வயலிலோ வேலை செய்பவர் என்றால் நாள்கூலியே போகும். அவருடைய பேருந்துக் கட்டணத்தையும் அன்றைய கூலியையும் இந்த அறக்கட்டளை கொடுக்கட்டும். அதைத் தானமாக நினைக்க வேண்டாம். மூலிகை பறித்து வந்தவருக்கும் மருந்து கொடுத்த பெண்களுக்கும் நெல் அளந்த ஊர் இது. செய்கிற வேலைக்கு அளப்பதாகவே நினையுங்கள். பணம் போதாது என்றால் அடுத்த ஆண்டு சொற்பொழிவை நிறுத்திவிடுங்கள். பொன்னாடைச் செலவும் மிச்சமாகும்.

ஆதுலர் சாலையின் விளக்கைப் பற்றி அடிக்கடி நினைக்கிறேன். விளக்கு நோயைத் தீர்க்காது. அதனால் மருத்துவருக்கும் பெரிய பயன் இல்லை. இரவில் அவர் தூங்கப் போயிருப்பார். விழித்துக் கிடப்பவருக்கு, பக்கத்துப் படுக்கையிலும் ஒருவர் இருக்கிறார் என்று காட்டுவதற்கு அது போதும். அதற்கும் எண்ணெய் தேவை என்று கணக்கு எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தத் தார் சுற்றும் அம்மா இன்று இந்தக் கூட்டத்தில் இல்லை. அவர் கேட்ட கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டுப் பின்வரிசையில் யாராவது உட்கார்ந்திருக்கலாம். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள் அம்மா. உங்கள் பிள்ளையைப் போல இன்னொரு பிள்ளை இருக்கிறது. இரண்டு தெரு தள்ளித்தான். நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.